மாலை போட்டு நிறுத்திய பெட்டி

ஆயுத பூஜை வந்தால் எங்கள் செம்பாக்கம் தெருவில் சைக்கிள், தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வெடுக்கும். கோதண்டம் வீட்டில் மட்டும் அன்றைக்கு எல்லாம் ஓடியாக வேண்டும். ஃபேன் சுற்றும், ரேடியோ பாடும், பட்டப்பகலில் குண்டு பல்பு எரியும். மிக்சியில் எதையாவது போட்டு அரைக்கச் சொல்லி மனைவி ரேணுகாம்பாளை நச்சரிப்பார். "ஆளுக்கு மறை கழண்டுபோச்சு" என்று தெருவில் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அடுத்த வீட்டுக்காரன். காரணம் எனக்குத் தெரியும்.

கோதண்டத்தின் அப்பாவுக்கு முடிச்சூர்ப் பக்கம் நிலம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தனியார் ஃப்ளையிங் கிளப் அதை வாங்கி அங்கே உயரமாக ஒரு கம்பம் நட்டது. பக்கத்தில் வில்லை ஓடு போட்ட ஓர் அறை, உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டி கம்பத்தின் வழியாக ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். விமானத்தில் உள்ள முள், அலை வரும் திசையைக் காட்டும். மேகத்துக்குள் கண் தெரியாமல் வரும் பைலட் அந்த முள்ளை நம்பித்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். நிலத்தோடு சேர்த்து ஆளையும் எடுத்துக்கொண்டார்கள். காலையில் பெட்டியைப் போட்டு, இருட்டியதும் நிறுத்துவது கோதண்டத்தின் வேலை.

பெட்டி பழசு. வேறு எங்கோ கழித்துக் கட்டியதைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வோல்டேஜ் இறங்கினால் படுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். கிளப்பில் பறக்கச் சொல்லிக்கொடுத்த எலியேசர், கிழக்குத் தாம்பரத்துக்காரர், தரை இறங்கியதும் நேராகக் கோதண்டத்திடம் வருவார்.

"கோதண்டம், பாதி வழியில முள்ளு கண்டபடி சுத்துது. கொஞ்ச நேரம் கழிச்சு தானா வந்து நிக்குது. ஒருநாள் வராமலே போயிடப்போகுது பாருங்க."

"நான் இன்னா சார் பண்றது? கரண்டு வந்துகினும் போய்கினும் கீது. மேனேஜராண்ட சொல்லிப் பாருங்களேன்."

சொல்லாமலா இருந்தார்? மேனேஜர் பத்ரிநாராயணனிடம் வாய் வலிக்கச் சொன்னார். "உங்க ப்ளேன்ல இருக்கிற முள்ளை முதல்ல செக் பண்ணுங்க மிஸ்டர் எலியேசர்" என்பதுதான் பதில். புதுப் பெட்டி அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மேலே பறக்கிறவன் உயிர் அந்த மனிதருக்குக் கிள்ளுக்கீரை.

கோதண்டத்துக்கு எலியேசர் மேல் உயிர். கிளப்பில் இவரை 'நீங்க' போட்டுப் பேசியவர் எலியேசர் ஒருவர்தான். முள் தவறிய நாளெல்லாம் இவருக்குச் சோறு இறங்காது. "அந்த மனுசன் என் பொட்டிய நம்பித்தானே மேல போய்கினு கீறாரு" என்று வீட்டில் புலம்புவார்.

எண்பத்தாறாம் வருஷம் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஒன்று தோன்றியது. உழைக்கிற மாட்டுக்குக்கூடப் பொங்கலுக்கு ஒருநாள் ஓய்வு உண்டு. இந்தப் பெட்டிக்கு ஆயுத பூஜையன்றும் ஓடும்போதே ஒரு பொட்டு வைப்பதோடு சரி. முறையாக நிறுத்திப் பூஜை போட்டு, மறுநாள் விஜயதசமியன்று எடுத்தால் ஒழுங்காக ஓடும் என்று நம்பினார். பூஜைக்கு முதல் நாள் மேனேஜரிடம் கேட்டார். செலவில்லாத ரிப்பேர், கசக்குமா?

"நாளைக்கு லீவு. யாரும் பறக்கப்போறதில்லை. எலியேசரும் ஹைதராபாத்லேருந்து விஜயதசமிக்குத்தான் வர்றார். தாராளமா நிறுத்து" என்றார் பத்ரிநாராயணன். ரிப்பேருக்குப் போயிருந்த கிளப் விமானத்தை ஓட்டி வர எலியேசர் அங்கே போயிருந்தார்.

பூஜையன்று காலையில் கோதண்டம் பெட்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். மேனேஜர் தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். ஆபீசைப் பூட்டினார்கள்.

ஹைதராபாத்தில் வேலை ஒருநாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. எலியேசர் கிளப்புக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறார். பூட்டிய ஆபீசில் யார் எடுப்பார்கள்? பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கிற அவசரம், கிளம்பிவிட்டார். பெட்டிக்கு மாலை போட்டு நிறுத்தியிருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

சாயங்காலம் பூஜை விளக்குக்கு எண்ணெய் விட வந்த கோதண்டத்தின் காதில் இன்ஜின் சத்தம் விழுந்தது. மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது. விமானம் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. வழக்கம்போல் முள் தவறியிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாக வந்துவிடும் என்று எலியேசர் காத்திருந்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று பின்னால் பலர் பேசினார்கள். தரையில் நின்றுகொண்டு பேசுவது சுலபம்.

கோதண்டம் அறைக்குள் ஓடினார். மாலையைத் தொட்டபோது கை கூசியதாம். பூஜையில் வைத்ததை எடுக்கலாமா? அப்புறம் பிய்த்தெறிந்துவிட்டு சுவிட்சைப் போட்டார். அந்தக் காலத்துப் பெட்டி, சூடேறினால்தான் வேலை செய்யும். "ஏந்திரிடியம்மா, ஏந்திரிடி" என்று அதன் விலாவில் தட்டித் தட்டிக் கதறியிருக்கிறார். சத்தம் வண்டலூர்ப் பக்கம் நகர்ந்து தேய்ந்தது. பெட்டி உயிர் பெற்றபோது வெளியே மழை மட்டும்தான் கேட்டது.

விமானம் ஒரு குன்றில் மோதிக் கிடந்ததை ஆடு மேய்க்கிறவர்கள் வந்து சொன்னார்கள்.

விசாரணைக்கு முன்னால் மேனேஜர் கோதண்டத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "கரண்ட் போச்சுன்னு சொல்லு. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் ஜெயில்தான்." கோதண்டம் பயந்துபோய் அப்படியே சொன்னார். அந்தப் பெட்டி அடிக்கடி படுத்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பெட்டியின் கெட்ட பேரே பத்ரிநாராயணனைக் காப்பாற்றிவிட்டது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடக்கமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து எலியேசரின் மனைவி ஞானமணி கம்பத்தைப் பார்க்க வந்தார். கோதண்டத்துக்குத் துணையாக அன்று நானும் அங்கே இருந்தேன்.

"உங்களைப் பத்தி வீட்ல நிறையச் சொல்லுவார்ண்ணா. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. எல்லாம் இந்தப் பாழாப்போன மெஷினால வந்தது" என்றார்.

கோதண்டம் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பிழைப்பாவது தங்கியிருக்கும்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருந்திச்சு" என்றார். "நாங்கதான் நிறுத்தி, மாலை போட்டு வெச்சிருந்தோம். நான்தான் நிறுத்தலாம்னு கேட்டேன்."

அந்தம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா ஓடணும்னுதாம்மா. சார் வரும்போது முள்ளு ஆடாம நிக்கணும்னுதான்."

அவர் அறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே, பூஜை போட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட மக்கர் பண்ணாத பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.