தொண்ணூற்றேழாம் இடத்துப் புதுவரவு

ஆல்பம் பட்டியலின் முப்பத்தொன்றாம் இடத்தில் புதிதாக நுழைந்திருந்த நார்வேக்காரர்கள் நால்வர் சாத்தானைக் கூப்பிட்டு அலறிக்கொண்டிருந்தார்கள். டெரெக் ஓல்ட்ராய்டு அதைக் கேட்டபடி உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். முகத்தில் சலனமே இல்லை. கடைசி அலறல் அடங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு கணினியில் தட்டினார்: "வேகம் அதிகம். கட்டுப்பாடு உண்டு. 5." பிறகு இருபத்தெட்டாம் இடத்துக்குப் போனார். அங்கே ஒரு பெண், தன்னை விட்டுப் போனவனைப் பற்றிப் பதினான்கு பாட்டுப் பாடியிருந்தாள். போனவன் செய்தது சரிதானோ என்று எனக்கு மூன்றாவது பாட்டிலேயே தோன்றிவிட்டது. டெரெக் பதினான்கையும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வாராந்திர ஆல்பம் விற்பனைப் பட்டியல் வெளியாகும். நூறு இடங்கள். அதில் அந்த வாரம் புதிதாக வந்தவற்றையெல்லாம் கீழிருந்து மேலாக, ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்டுப் பத்துக்கு மார்க் போடுவது அவர் வழக்கம். யாரும் போடச் சொல்லவில்லை. யாரும் காசு தரவில்லை. உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் விழிப்பார். பிடிப்பதற்காகவா ஒரு மனிதன் பாட்டுக் கேட்கிறான்?

பகலில் அவர் வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்பீல்டின் மேட்டுத் தெருக்களில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தத் தொழிலின் பேச்சு விமரிசனத்துக்குள்ளும் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஊரே அழுத ஒரு காதல் ஆல்பத்துக்கு அவர் எழுதியது: "கண்ணாடி பார்க்காமல் கிளம்புகிறார். 4." ஒரு மடத்துத் துறவிகளின் கூட்டுப் பாடலுக்கு: "எங்கும் நிறுத்தவில்லை. எங்கும் போகவுமில்லை. 5." கேட்கும்போது பிடிக்காத இடம் வந்தால், மேசைக்கு அடியில் வலது கால் தானாக ஒரு மிதி மிதிக்கும்.

இவற்றையெல்லாம் படிப்பதற்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. எல்லோரும் இதே வேலையைச் செய்பவர்கள். ஒருவர் மார்க்கை இன்னொருவர் ஒப்புக்கொண்டதாக வரலாறு இல்லை. ஸ்டோக்கில் இருக்கும் பவுலின் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர்தான் இவருக்கு நிரந்தர எதிரி. பழைய ஆல்பத்துக்குப் புது அட்டை போட்டால் அது புதுவரவா இல்லையா என்பதில் இருவருக்கும் மூண்ட சண்டை ஒரு கோடைகாலம் முழுக்க நடந்தது.

நான் அந்த வீட்டு மாடியறையில் குடியிருப்பவன். கணக்கில் முதுநிலைப் பட்டம் வாங்கியவன் என்ற உரிமையில், அவருடைய மார்க் எல்லாம் நாலுக்கும் ஆறுக்கும் நடுவிலேயே குவிந்திருப்பதை ஒருநாள் எடுத்துச் சொன்னேன். "நாடு அப்படித்தான் பாடுது, தம்பி," என்றார்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தது, அவர் மகள் ஹெய்லியோடு வாழும் ரோரியின் இசைக்குழு. பெயர் 'நனைந்த நாற்காலிகள்'. ரோரி அதில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். மூன்று வருடமாக டெரெக் எதிரில் அவன் கிட்டாரைத் தொட்டதில்லை. டெரெக்கும் கேட்டதில்லை, பட்டியலில் இல்லாததைக் கேட்க அவருக்கு ஏது நேரம்?

போன மாதம் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. ஒரே பாட்டுகளை நான்கு நிற இசைத்தட்டுகளில் போட்டு விற்றார்கள். நாலு நிறத்தையும் ஒருவரே வாங்கினால் பட்டியல்காரர்கள் நாலாக எண்ணுவார்கள். இது தெரிந்ததும் டெரெக்கின் மனைவி பிரெண்டா களத்தில் இறங்கிவிட்டார். நீச்சல்குளத்தில் தன்னோடு உடற்பயிற்சி செய்யும் பெண்கள் அத்தனை பேரையும் போனில் பிடித்தார். "பாட்டக் கேக்கவெல்லாம் வேணாம், கண்ணு. வாங்கினாப் போதும்." இசைத்தட்டைச் சுழற்றும் கருவி அவர்களில் ஒருவர் வீட்டிலும் கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் பொட்டலமாக வந்திருந்தன. ரோரி போனைப் பார்த்தான்.

"தொண்ணூத்தேழு," என்றான். போனை எங்கள் பக்கம் திருப்பினான்.

பிரெண்டா அவனைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் வைத்தார். ஹெய்லி என்னைப் பிடித்து உலுக்கினாள். மேசையின் அந்தக் கோடியில் கணினிக்கு முன்னால் டெரெக் ஹெட்போனின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நூறுக்குள்ள வந்தாச்சா? இந்த வாரம் ஆகக் கீழ இருக்கற புதுவரவு அதுதான். அப்ப உன்னோடதுதான் முதல்ல, தம்பி."

என்னை உலுக்கிக்கொண்டிருந்த ஹெய்லியின் கை நின்றது.

"அம்மா," என்றாள் ஹெய்லி, "நீ எத்தனை வாங்கின?"

"நாலு கலரும். பச்சை அழகா இருந்துச்சுன்னு இன்னும் ரெண்டு."

"சும்மா இருந்திருக்கலாம்ல? நூத்தி ஒண்ணுல நின்னிருந்தா அப்பா காதுலயே விழுந்திருக்காது."

"இத முன்னாடியே யாராவது யோசிச்சிருக்கலாம்," என்றான் ரோரி மெதுவாக.

"டெரெக், இந்த ஒரு வாரம் ஜுரம்னு சொல்லிட்டு விட்டுடேன்," என்றார் பிரெண்டா.

"ஜுரத்தோடயும் கேட்டிருக்கேன். ஹெய்லிக்குக் கார் சொல்லிக் குடுத்தது யாரு? ரெண்டு தடவ ஃபெயில் ஆனா. என் பொண்ணு, பாஸ் போடுங்கன்னு யார்கிட்டயாவது போய் நின்னேனா?"

"நான் ஃபெயிலானதே நீ சொல்லிக் குடுத்ததாலதான்."

ஹெய்லி எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள். "ஆறு போட்டாதான் பாஸுன்னு நீயே சொல்லுவ. அதுக்குக் கீழ போனா கிறிஸ்துமஸுக்கு நாங்க இங்க இல்லப்பா. டண்டீல ரோரி அம்மாகிட்டப் போயிடுவோம். சும்மா சொல்றேன்னு நினைக்காத."

"மார்க்குக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?" அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அப்போது கணினி டிங் என்றது. ஸ்டோக் பல் மருத்துவர் எழுதியிருந்தார்: "உங்க வீட்டுப் பையனாமே, டெரெக். எத்தனை போடறீங்கன்னு பாக்கத்தான் எல்லாரும் முழிச்சிருக்கோம்." டெரெக் அதை இரண்டு முறை படித்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

ஒரு மனிதர் பாட்டுக் கேட்பதை நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பது விசித்திரமான அனுபவம். எங்களுக்கு ஒரு ஓசையும் கேட்கவில்லை. மீன் ஆறிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்று தெரிந்தவர்களானதால் நாங்கள் நால்வரும் மேசைக்கு அடியில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் மூன்று பாட்டுக்குக் கால் அசையவில்லை. ரோரி நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தான். நாலாவது பாட்டில் ஒரு மிதி. உடனே இன்னொரு மிதி. பிறகு அழுத்திப் பிடித்தபடியே நின்றுவிட்டது கால்.

"அது நான் எழுதினது," என்றான் ரோரி என் காதில்.

எல்லாம் முடிந்ததும் டெரெக் ஹெட்போனைக் கழற்றி மடித்து வைத்தார். எழுதியதை, குழுவுக்கு அனுப்புவதற்கு முன், எப்போதும் செய்யாத மரியாதையாக, எங்களுக்குப் படித்துக் காட்டினார். "நிதானமான ஓட்டம். டிரம்ஸ் தன் பாதையை விட்டு விலகவில்லை. நாலாவது பாட்டு சிக்னல் போடாமல் திரும்புகிறது. பின்னால் வருபவர்களுக்கு ஆபத்து. 5. குறிப்பு: பேஸ் வாசிப்பவர் என் மகளோடு வசிக்கிறார்." படித்துவிட்டு அனுப்பும் பொத்தானைத் தட்டினார்.

"நியாயம்தான்," என்றான் ரோரி. இந்த ஊரில் கத்தியால் குத்தினாலும் இதைத்தான் சொல்வார்கள். ஹெய்லி கூடத்துக்குப் போய்க் கோட்டைத் தேடினாள்.

"யாருக்காவது இன்னும் கொஞ்சம் வினிகர்?" என்றார் பிரெண்டா.

டெரெக் எழுந்து கையில் கிடைத்த பாத்திரங்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். மீதித் தட்டுகளை நானும் ரோரியும் எடுத்துக்கொண்டு பின்னால் போனோம். வாசலில் ரோரி சட்டென்று நின்றான். என் தட்டு அவன் முதுகில் இடித்தது. உள்ளே டெரெக் எங்களுக்கு முதுகு காட்டி நின்று ஒரு கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தொண்டைக்குள் ஏதோ முனகல். நீண்டு இறங்கி, எதிர்பாராத இடத்தில் ஒடிந்து திரும்பியது, மறுபடி தொடங்கியது.

"நாலாவது," என்றான் ரோரி. காற்றுதான் வந்தது.

எதிரே இருட்டிய ஜன்னல் கண்ணாடியில் எங்கள் இருவர் உருவமும் தெரிந்திருக்க வேண்டும். டெரெக் திரும்பவில்லை. கையை நீட்டிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.