பட்டாளத்துக்கு ஒரு சும்மாடு

வங்கதேசச் சண்டை முடிந்த மறுவருஷம், மரக்காணத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். உப்பு அரித்த காலோடு உப்பளத்தை விட்டுத் தப்பிக்க என் அண்ணனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மாரை அளந்தார்கள், பல்லை எண்ணினார்கள், மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வாலைத் தூக்கிப் பார்க்காததுதான் பாக்கி. வேலிக்கு வெளியே நின்ற பெண்களான எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அதிலெல்லாம் அண்ணன் தேறிவிட்டான். கடைசியாக மணல் மூட்டை. சண்டையில் சிப்பாய் எவ்வளவு தாங்குவான் என்று அளக்கிற பரீட்சையாம். அரைகுறைத் தமிழ் பேசிய ஹவில்தார், "மூட்டை எடு, ஓடு!" என்றார். எங்கே வைத்துக்கொண்டு ஓடுவது என்று சொல்லவில்லை. எங்கள் அளத்தில் சுமை என்றால் தலையில்தான்; அப்படிக் கேட்பவனைப் பைத்தியம் என்பார்கள். அண்ணன் துண்டை வளையமாகச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தான்.

"சார், ஒரு கை குடுங்க. ஏத்தி வுடுங்க."

ஹவில்தாரும் என்ன ஏது என்று புரியாமலே கை கொடுத்து ஏற்றிவிட்டார். அண்ணன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றான். தமிழ் பேசுகிற அதிகாரி ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, குனிஞ்சு ஓடற எடத்துல இப்படிக் கோபுரம் மாதிரி போனா மொத குண்டு உனக்குத்தான்!"

நியாயம்தான். மூட்டையை முதுகில் கட்டி மறுபடி ஓடவிட்டார்கள். நாலடி வைப்பதற்குள் அது அவனைப் பின்னால் இழுத்து மல்லாக்கத் தள்ளியது. நாட்டைக் காக்க லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் விடவில்லை. அளத்தில் உப்பை முதுகில் சுமந்து பழக ஆரம்பித்தான். "இன்னாடா, கழுதைப் பொதி எங்க போவுது?" என்று மேஸ்திரி தினமும் நக்கலடிப்பார். ஈர உப்பு அவன் முதுகுத் தோலை உரித்தது. சாயங்காலம் தேங்காயெண்ணெய் தடவிவிடும்போது எனக்கு அழுகை வரும். பட்டாளத்தின் மேல் வந்த ஆத்திரம் இன்றுவரை தீரவில்லை.

சில வருஷம் கழித்து மறுபடி ஆள் எடுக்க வந்தார்கள். அதற்குள் அவன் முதுகில் மூட்டையோடு முயல் மாதிரி ஓடப் பழகியிருந்தான். ஓட விட்டால்தானே? வயசு தாண்டிவிட்டது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"ஏன் சார், எதிரி வயசு கேட்டுட்டா சுடறான்?"

வாசலில் நின்ற சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.