ஒரே போட்டில் பத்துப் பெட்டி

ஜெகதாப்பட்டினத்தில் சுகுணாவை ஏமாற்றியவன் என்று ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம். கிடைக்க மாட்டான். ஐஸ் உடைக்கும்போது பக்கத்திலேயே நிற்பாள். டீசல் ஊற்றினால் கேனைத் தூக்கிப் பார்ப்பாள். கோயில் பிரசாதத்தைக்கூட மோந்து பார்த்துத்தான் வாயில் போடுவாள் என்று ஏலக்கூடத்தில் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டுமே! புருஷன் செத்த பிறகு சொந்தம், சிநேகிதம் என்று வந்தவனெல்லாம் அவளுடைய விசைப்படகின் மேல்தான் கண் வைத்தான். சந்தேகம் மட்டும் இல்லையென்றால் அந்தப் போட்டு என்றைக்கோ கைமாறியிருக்கும். இப்போது அதை ஓட்டுவது அவள் ஒரே மகன் ரகுநாத்.

அப்பேர்ப்பட்டவளிடம் வந்து மாட்டினான் சூர்யநாராயணன். திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. பெங்களூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு, மீன் விற்க ஒரு ஆப் செய்து, கம்பெனி ஆரம்பித்திருந்தான். ஏலக்கூடத்தில் போட்டுக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசினான்.

“கம்பெனி நடத்துறதுல நான் கத்துக்கிட்ட மொதப் பாடம்ங்க, சீக்கிரமா தோக்கணும். தோத்துத் தோத்துத்தான் கத்துக்க முடியும்.”

“யாரு தோக்குறது தம்பி? நீங்களா, நாங்களா?” என்றாள் சுகுணா.

கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். “அடுத்த பாடம் அதாம்மா. வாடிக்கையாளர் சொல்றதக் காது குடுத்துக் கேக்கணும்.”

“அப்ப நல்லாக் கேட்டுக்கங்க. அந்தப் பெட்டி எதுக்கு?”

டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி வைத்திருந்தான். அதைப் போட்டில் மாட்டினால் போட்டு எங்கே நிற்கிறது என்று கம்பெனித் திரையில் ஒரு புள்ளி தெரியுமாம். எந்தக் கடலில் பிடித்த மீன் என்று வாங்குகிறவனுக்குக் காட்டலாமாம். பெட்டி வைத்த போட்டு மீனுக்கு விலையும் கூடுதலாம்.

சுகுணா பெட்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். இந்த ஊரில் புருஷன் பொண்டாட்டி சண்டையைக்கூட விலாவாரியாகச் சொல்வார்கள், வலை விட்ட இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் கிழக்கே என்பார்கள். கடல் இருப்பதே கிழக்கேதான்! அவள் புருஷன் கண்டுபிடித்த இறால் இடம் ஒன்று உண்டு. அவளுக்கும் மகனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அதை இவன் நாலு பேருக்கு விற்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? அது போக, கடல் எல்லைப் பக்கம் போனது பதிவாகி, நாளைக்கு யாராவது பிடித்துக்கொண்டு போனால் இந்தப் புள்ளியே சாட்சியாக நிற்கும்.

ஆனால் விலை கூடுதல். அதை எப்படி விடுவது?

யோசனை சொன்னவள் அவள்தான். கரையோரமாக நண்டுவலை விடுகிற செம்மலின் சின்ன ஃபைபர் போட்டில் எல்லாப் பெட்டிகளையும் வைத்துவிடுவது. பெட்டி வாங்கிக்கொண்ட பத்துப் போட்டுக்காரர்கள், ஒருத்தரை ஒருத்தர் நம்பாதவர்கள், ஒரே மனதாக ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

ரகுநாத் மட்டும் முனகினான். “நம்ம பெட்டி நம்ம போட்டுலயே இருக்கட்டும்மா. ஒரு அவசரத்துக்கு ஆகும்.”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம இரு.”

கொஞ்ச நாளில் சூர்யநாராயணன் இனிப்போடு வந்தான். பத்துப் போட்டும் பிரமாதமாக ஓடுகிறதாம், கம்பெனியில் பணம் போட்டவர்களுக்கு ஏக சந்தோஷமாம். நல்லா ஏமாந்தான்டா என்று சுகுணா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனாலும் ஒரு நமநமப்பு. பத்துப் போட்டும் ஒட்டிக்கொண்டே திரிவது இவ்வளவு படித்தவனுக்கா தெரியாது? ஜிலேபியைப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்றாள்.

அப்புறம் ஒருநாள் காத்து மாறியது. விடிகாலையில் மற்ற போட்டுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. ரகுநாத் வரவில்லை. வெயில் ஏறியது, வரவில்லை. போன் எடுக்கவில்லை. போட்டிலிருந்த வயர்லெஸ்ஸிலும் சத்தமே இல்லை. தேடிப் போக ஆளும் போட்டும் தயாராக நின்றன. எங்கிட்டுப் போறது என்று எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

சூர்யநாராயணன் மடிக்கணினியோடு ஓடிவந்தான். “அம்மா, பதறாதீங்க. உங்க போட்டு பத்திரமா இருக்கு. இந்தா பாருங்க, கரைக்குப் பக்கத்துலதான் நிக்குது.”

“அட நாசமாப்போறவனே, அது செம்மலோட போட்டுடா! பத்துப் பெட்டியும் அதுலதான் இருக்கு!”

கத்திவிட்டாள். மானம் போனால் போகட்டும். கத்தியதோடு, அந்த இறால் இடத்தையும் துறைமுகத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். எந்தத் திசை, எவ்வளவு ஆழம், எல்லைக்கு எவ்வளவு கிட்டே, ஒன்று விடாமல். போட்டுகள் கிளம்பின.

அதற்கப்புறம்தான் அவள் சூர்யநாராயணன் முகத்தைக் கவனித்தாள். வெளுத்திருந்தது. ஆனால் அதில் ஆச்சரியம் இல்லை.

“ஒனக்குத் தெரியும்,” என்றாள்.

அவன் மடிக்கணினியை மூடினான்.

“சொல்லுடா. ஒனக்கு முன்னாடியே தெரியும்.”

“மொத வாரமே தெரியும்மா. பத்தும் ஒரே எடத்துல, ஒரே வேகத்துல போச்சு. ஒரு போட்டுதான் ஓடுதுன்னு சொன்னா பணம் போட்டவங்க கைய விட்டுருவாங்க. அதான்... நீங்களா ஒருநாள் அவங்கவங்க போட்டுல மாட்டிருவீங்கன்னு இருந்துட்டேன்.”

“தெரிஞ்சுமாடா எம்புள்ள பத்திரமா இருக்கான்னு சொன்ன?”

“பயந்துட்டேன்ம்மா. இன்னைக்காவது ஒங்க பெட்டிய மாத்தியிருக்க மாட்டீங்களான்னு...”

செருப்பைக் கழற்றினாள். அடிக்கவில்லை. தன் ரகசியத்தை அவன் விற்றுவிடுவான் என்று அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள். அவன் விற்றதோ அவளுடைய பொய்யை. சரக்கைச் செய்து கொடுத்தவள் அவளே. மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் ரகுநாத்தின் போட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். என்ஜின் அறையில் தண்ணீர் புகுந்து, பேட்டரியும் வயர்லெஸ்ஸும் போய், காத்து இழுத்த பக்கமெல்லாம் அலைந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எல்லையைத் தாண்டியிருக்கும். ரகுநாத் உதடு வெடித்து இறங்கினான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் செம்மலிடமிருந்து பெட்டியை வாங்கி அவளே போட்டில் நின்று மாட்ட வைத்தாள். அந்தப் புள்ளி, மீன் வாங்குகிறவனுக்கும் தெரியக்கூடாது, கம்பெனிக்கும் தெரியக்கூடாது, அந்தந்த வீட்டுப் போனில் மட்டும் தெரியணும் என்றாள். சூர்யநாராயணன் அப்படியே மாற்றிக் கொடுத்தான். பணம் போட்டவர்களோடு சண்டை பிடித்துத்தான் இதைச் செய்ததாகச் சொல்கிறான். அதை நம்பலாமா என்று சுகுணா இன்னும் முடிவு பண்ணவில்லை. ஆனால் மற்ற ஒன்பது பேரும் பெட்டியை அவரவர் போட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் ரகுநாத் கடலுக்குப் போனால் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நகர்கிறது, நிற்கிறது, திரும்புகிறது. “அதான் புள்ள வாரது தெரியுதுல்ல, எந்திரிச்சு சாப்பிடுங்க,” என்கிறார்கள் பக்கத்து வீட்டில். புள்ளி இருக்கிற இடத்தில் பெட்டி இருக்கும், அவ்வளவுதான். பெட்டி இருக்கிற இடத்தில் போட்டும் இருக்குமென்று ஊரில் எவள் வேண்டுமானாலும் நம்பலாம், அவளால் முடியாது. துறைமுகத்துக்குப் போய், அவன் இறங்கி வருவதைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுகிறாள்.