வெள்ளை ஹெல்மெட் போட்ட ஆகாசம்

எங்கள் சைட்டில் டவர் கிரேன் ஓட்டுபவருக்கு ஆகாசம் என்று பெயர் வைத்தது நான்தான். காலையில் ஏணியைப் பிடித்து ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே வாக்கி டாக்கியோடு நின்று, "இடது பக்கம், இன்னும் கொஞ்சம், நிறுத்துங்கண்ணே" என்று அவருக்கு வழி சொல்வது என் வேலை. நான் நாள் முழுக்கக் கத்துவேன், அவர் "ம்" என்பார். எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் ஃபேஸ்புக்கில் போட்டோ போட ஆரம்பித்தார். கிரேனை நிறுத்திவிட்டு, இறங்குவதற்கு முன் ஒன்று எடுப்பார். என்ன போட்டோ என்கிறீர்கள்? கேபினில் காயப்போட்ட சாக்ஸ். பாதி காலியான தண்ணீர் பாட்டில். கண்ணாடியில் படிந்த சிமெண்ட் தூசி. கீழே ஒரு வரி: "இன்று காற்று அதிகம். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏண்ணே, உங்க சாக்ஸ எவன்ணே பாக்கப் போறான்? நானே பாக்க மாட்டேன்."

"பாக்காத" என்றார்.

மழைக்கு எல்லோரும் தகரக் கொட்டகையில் ஒதுங்கிய அன்று எங்கள் வெல்டர், எதுக்கு இந்தப் போட்டோ என்று விடாமல் நச்சரித்தான். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் வருஷக்கணக்காக ஊர் ஊராக சைட்டிலேயே கிடந்தவர். அண்ணி தினமும் போன் போட்டு, இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பாராம். இவர் "ஒண்ணுமில்ல" என்பாராம். போன வருஷம் அண்ணி தவறிப்போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரே மகள் இவரை நிறுத்திக் கேட்டிருக்கிறாள்.

"'அம்மா சாகிற வரைக்கும் உங்ககிட்டேருந்து ஒண்ணுமில்லைங்கறத மட்டும்தான் கேட்டா. எனக்கும் உங்ககிட்ட பேச ஒண்ணுமில்லப்பா'ன்னுட்டுப் போயிட்டா. நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல. அதான், அவங்கம்மாகிட்ட சொல்லாததை எல்லாம் இங்க போடறேன். பாத்தா பாக்கட்டும்."

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் எனக்குப் பரிதாபத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. பெற்ற மகளின் மனசை மாற்ற சாக்ஸையா காட்டுவார்கள்? இவருக்கு விவரம் பத்தவில்லை, நாம்தான் இறங்க வேண்டும் என்று வெல்டரும் நானும் முடிவு கட்டினோம்.

இன்ஜினியர் வெளியே போயிருந்த நேரம். அவர் அறைக்குள் ஆகாசத்தைத் தள்ளிக்கொண்டு போய், சுழல் நாற்காலியில் உட்கார வைத்தோம். வெல்டர் தன் நல்ல சட்டையை மாட்டிவிட்டான். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கிய இன்ஜினியரின் வெள்ளை ஹெல்மெட்டைத் தலையில் வைத்தேன். பின்னால் சுவர் நிறையக் கட்டட வரைபடம். மாப்பிள்ளை மாதிரி இருந்தார். "உயரம் தொட்டவனுக்கு உலகம் சிறியது" என்று வெல்டர் ஒரு வரியும் எழுதி அவர் பக்கத்திலேயே போட்டான். சாயங்காலத்துக்குள் லைக் குவிந்தது. முகம் தெரியாதவர்களெல்லாம் "தலைவா" என்றார்கள். எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இடது கையால் ஸ்பீக்கரைப் போட்டார். இரைச்சலிலேயே இருந்து காது கொஞ்சம் மந்தம், யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கர்தான்.

"அப்பா, அது யார் ஹெல்மெட்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ரசச் சட்டியைப் பார்த்தேன்.

"வெள்ளை ஹெல்மெட் இன்ஜினியருங்க போடறதுன்னு எனக்குத் தெரியாதா? உங்கள கிரேன்லேருந்து இறக்கிட்டாங்களா? கண்ணு டெஸ்ட்ல தேறலையா? முந்தாநாள்கூட வெயில் கூசுதுன்னு போட்டிருந்தீங்களே! உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சு, அத மறைக்கத்தான் இப்படி ஒரு படம்னு ராத்திரியெல்லாம் தூங்கலப்பா."

"ஒண்ணு..." என்று ஆரம்பித்த அண்ணன் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. இன்னிக்குக் காலைலகூட பத்தாவது மாடிக்குக் கம்பிக் கட்டு ஏத்தினேன். ஒரு கட்டு லேசா சாஞ்சுது, இறக்கி மறுபடி கட்டச் சொன்னேன். இங்க ரெண்டு பசங்க, அப்பா கெத்தா தெரியணும்னு ஆசப்பட்டு அப்படி எடுத்துட்டாங்க."

"அத எடுத்துடுங்க."

வெல்டருக்குப் பொறுக்கவில்லை. "ஆயிரம் லைக்குக்கு மேல போயிருக்கும்மா!" என்று குறுக்கே விழுந்தான்.

"ஆயிரம் பேருக்குப் பிடிச்சா என்ன? நான் ஒருத்தி பயந்துட்டேன்ல?"

ஆகாசம் அழுதுவிட்டார். எங்கள் முன்னால், சோற்றுக் கையோடு, வெட்கமே இல்லாமல். மகள் போனில் சாக்ஸிலிருந்து தொடங்கி வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தாள், புதுசு வாங்க முடியாதா என்று. அண்ணனுக்குப் படத்தை அழிக்கத் தெரியவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினார்.

"டேய், லைன் கட்டாயிடாம எடுடா."