படிக்காமல் விட்ட வரி

என் ஓரகத்தி மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம்?

நான் மூத்த மருமகள். காரிமங்கலத்தில் மாமனார் மாமியாரோடு இருந்தேன். இளையவளோ கல்யாணமான கையோடு கப்பலேறிவிட்டாள். கொழுந்தனுக்கு மலாயாவில், தாப்பா என்கிற சின்ன ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. மாதம் ஒரு கடிதம் வரும். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். ஐந்தாவது படித்த நான்தான் அவள் பெருமையை என் வாயாலேயே எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். என் தலையெழுத்து!

'அக்கா, எங்க கடிகாரம் உங்களுதுக்கு ரெண்டு மணிக்குப் பத்து நிமிசம் கம்மியா முன்னால ஓடுதுங்க. நீங்க வாசல் தெளிக்கறப்ப இங்க பெரட்டு முடிஞ்சு ஆளுங்க பால்மரம் வெட்டப் போயிருப்பாங்க' என்று எழுதுவாள். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதாம், பால்மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதாம். அங்கே தினமும் மத்தியானம் மழை பெய்யுமாம், மூன்று வேளையும் நெல்லுச்சோறாம். இங்கே நாங்கள் கொள்ளு விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, களியைக் கிண்டிக்கொண்டிருந்தோம். சூரியன்கூட அவள் வாசலுக்குப் போய்விட்டுத்தான் என் வாசலுக்கு வருகிறது என்று பொருமுவேன்.

ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் ஏச்சுப் பேச்சு வாங்கிய எனக்கு ஒருவழியாக வயிற்றில் தங்கியது. அதே மாதம் அவளும் முழுகாமல் இருப்பதாகக் கடிதம் வந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்! மூத்த பேரனுக்குத்தான் தாத்தா பேர் என்பது எங்கள் வழக்கம். வீட்டு நல்லது கெட்டதில் அவனுக்குத்தான் முதல் இடம். அதையாவது என் பிள்ளைக்குக் கொடு என்று தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக்கொண்டேன்.

காலை ஐந்து மணிக்கு எனக்குப் பையன் பிறந்தான். பேர் வைப்பதற்குள் மலாயாக் கடிதம் வந்துவிட்டது. அவளுக்கும் பையன், அதே நாள்.

"மணி என்னா போட்டிருக்குதும்மா?" என்றார் மாமனார்.

'காலை ஆறு மணி. உங்க ஊரு மணிக்கு நாலு பத்து' என்று எழுதியிருந்தது.

"ஆறு மணிங்க மாமா" என்றேன். அடுத்த வரியை விழுங்கிவிட்டேன்.

"அப்ப நம்ம வூட்டுப் பையன்தான் பெரியவன்! அப்படியே எழுதிப் போடு."

எழுதினேன். பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை. வந்த பதிலில் அவள் மறுப்பாக ஒரு வார்த்தை எழுதவில்லை. கணக்குத் தெரியாத மக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சண்டை வந்து ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதமும் நின்றது. சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோன கொழுந்தன் திரும்பவே இல்லை. சண்டை ஓய்ந்து, அவள் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்கழுத்தோடு வந்து நின்றாள். அப்போதும் என் பயமெல்லாம் அந்த ஒரு வரி வெளியே வந்துவிடுமோ என்பதுதான். பாவி நான்!

வந்த மறுவருஷமே மாமனார் போய்விட்டார். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன்களைக் கூப்பிட்டார்கள். அவள் மகன் முன்னால் போக, தோளைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணன் மொதல்ல போவட்டும். நீ பின்னால நில்லு."

காரியம் முடிந்த பிறகு கிணற்றடியில் என்னால் தாங்க முடியவில்லை. "உம் பையன்தான் மூத்தவன். உனக்குத் தெரியாது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க அக்கா. நீங்க எழுதின அன்னைக்கே தெரியும். அவரு விவரமா எழுதறேன்னு ஒக்காந்தாரு, நாந்தான் வேண்டாம்னுட்டேன். ஆறு வருசம் என்னென்ன பேச்சுக் கேட்டீங்க, அக்காவுக்கு அதாவது இருக்கட்டும்னேன்."

நான் ஓவென்று அழுதேன். செய்த தப்புக்காக அழுகிறேன் என்று நினைத்து, முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள். தாலியையே பறிகொடுத்து நிற்கிறவளுக்கு இத்தனை பெரிய மனசையும் ஆண்டவன் கொடுத்திருக்கிறானே, எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்றுதான் அழுதேன்.