தறிச் சத்தம் இல்லாத புதன்கிழமை

பட்டப்படிப்பு முடித்துப் புனேயில் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதம், சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்தேன். அன்று புதன்கிழமை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. ஒரு வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. தெருவில் சாவு விழுந்தால்தான் பட்டப்பகலில் எல்லாத் தறியும் இப்படி நிற்கும் என்று தோன்றியது.

எங்கள் வாசலில் ஆண்களின் செருப்புகள் குவிந்து கிடந்தன. முந்தின வாரம்தான் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து போயிருந்தது. காலையிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை. பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அப்பா நண்பர்களோடு டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, அழுதுக்கினு வர்ற? வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

"தெருவுல ஒரு தறியும் ஓடலியேப்பா."

"அமாவாசையும் அதுவுமா எவன்பா தறியில உக்காருவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நெசவாளர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. நாள், திதி எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவன் நான். ஐந்தே மாதத்தில் எனக்கு ஞாயிறு மட்டுமே விடுமுறை என்றாகியிருந்தது.

என்னால் சிரிக்க முடியவில்லை. அப்பாவை ஒட்டி உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை அவர் தோளிலிருந்து கையை எடுக்காமல் இருந்தேன்.