உணர்ச்சியுள்ள சருமத்துக்கு

புது சோப்பு போட்டாலே என் தோல் சிவந்துவிடும். அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. தொண்ணூறுகளின் கடைசியில், மறைமலைநகரில் பழங்களிலிருந்து முகக் கிரீம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தத் தோலுக்கு மரியாதை வந்தது. என் விரல்கள் தடித்துப்போனதைப் பார்த்த சூப்பர்வைசர் அக்கா, அன்றிலிருந்து எந்தப் புதுச் சரக்கையும் முதலில் என் முழங்கை மடிப்பில் தடவி, மறுநாள் காலையில் பார்த்த பிறகே வெளியே அனுப்புவார்.

எதைப் போட்டாலும் ஒத்துக்கொள்ளாத முகங்களுக்கான கிரீம் அது. ஆங்கில லேபிளில் 'சென்சிடிவ் ஸ்கின்' என்றிருந்ததை, 'உணர்ச்சியுள்ள சருமத்துக்கு' என்று யாரோ தமிழில் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதோடு கம்பெனியில் என் பெயரே 'உணர்ச்சி' ஆகிவிட்டது.

ஒரு மழைக்காலத்தில் திருக்கழுக்குன்றம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பப்பாளியில் பாதிக்குமேல் செங்காய். கீறினால் தோலை எரிக்கும் பால் வடிந்தது. மாமல்லபுரத்து ஓட்டல்களில் இருந்த அழகுப்பொருள் கடைகள் அவசரப்படுத்தியதால் முதலாளி அதையே அரைக்கச் சொன்னார். சாயங்காலம் அக்கா வழக்கம்போல் என் கையில் தடவிவிட்டார். மறுநாள் ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே எரிச்சல் தாங்கவில்லை.

"இன்னா உணர்ச்சி, கை இப்டி வெந்து கீது?" என்று அக்கா என்னை நேராக முதலாளியிடம் இழுத்துப்போனார். வெளியே வேனில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.

முதலாளி சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "உனக்குத் தண்ணி பட்டாலே அரிக்கும். ஊர்ல எல்லாருக்கும் உன் தோலா கீது? உணர்ச்சிவசப்படாம வேலையப் பாரு. இஷ்டமில்லனா நாளைக்கு வராத."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் இந்தத் தோலை நம்பித்தானே சரக்கு போனது? பயமும் இல்லாமல் இல்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

முதலாளிக்குக் கல்லூரியில் படிக்கும் ஒரே மகள். முகத்தில் எதைப் போட்டாலும் பொரிந்துவிடும் என்று அவரே புலம்புவார். மேசையில் இருந்த புது டப்பா ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"சரி சார். இத மொதல்ல பாப்பாவுக்கு எடுத்துகினு போங்க."

வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு டப்பாவை மேசையிலேயே வைத்துவிட்டு, பெட்டிகளை இறக்கச் சொல்லி வேன்காரருக்குக் குரல் கொடுத்தார்.